பின்தொடரும் தாள்

சிதம்பரம்
20.5.2024

தம்பி அறிவழகனுக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் இடது காது மட்டும் போன மாதமே ஓய்வு வாங்கிக்கொண்டது. துணி பிழியும் மிஷினுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றால் காது என்ன, சுவரே செவிடாகிவிடும். நீ போனில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ திட்டுவது போல இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போனும் லாட்ஜ்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று மாமாவோடு வண்டியில் சுற்றுகிறது. அதனால் கடிதம். சிரிக்காதே. உன் வீட்டுக்காரி பிரியாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்தை நடுவில் நிறுத்தவேண்டாம் என்று சொல்.

நம் லாண்டரி நிலைமை சரியில்லை. கீழவீதியில் இரண்டு லாட்ஜ் நம்மை விட்டுப் போய்விட்டன. புதுச்சேரியிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று வண்டி அனுப்பி எடுத்துப்போய், மறுநாளே மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறதாம். நமக்கு இரண்டு நாள் ஆகிறது, சில சமயம் மூன்று. இருக்கிற ஏழு லாட்ஜும் முன்பு தினம் மாற்றிய படுக்கை விரிப்பை, ஆள் காலி செய்தால்தான் மாற்றுகிறார்கள். கூட்டமும் இல்லை. கரண்ட் கட்டணம் வேறு ஏறப்போகிறது என்று பேச்சு. போன வாரம் ஒரு லாட்ஜின் விரிப்பு இன்னொரு லாட்ஜுக்குப் போய், மேனேஜர் மாமாவை வாசலில் நிற்கவைத்துப் பேசியிருக்கிறான்.

நம்மிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாருக்கும் வேறு பிழைப்பு கிடையாது. நீ சிப்காட் கம்பெனியில் வேலையைச் சீர்திருத்துவதற்கென்றே உட்கார்ந்திருக்கிறாய், பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாய். அந்தப் புத்தியை அக்காவுக்கும் கொஞ்சம் செலவழி.

தமிழ்ச்செல்வி

*

திருப்பாதிரிப்புலியூர்
28.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பிரியாவுக்கு இப்போது பரவாயில்லை. இரவில் மட்டும் இரைப்பு. காதுக்குக் கருவி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நீ எழுதவில்லை, மாமா சொன்னார். வைத்துக்கொள்.

நீ கடிதம் எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான். எழுதாத எதுவும் நடக்காததற்குச் சமம் என்று எங்கள் கம்பெனியில் நான் பாடம் எடுக்கிறேன்.

யோசனை சொல்வதற்கு முன்னால் எனக்கு உண்மை வேண்டும். உன் அபிப்பிராயம் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. ஒரு லாட்ஜில், கட்டிலிலிருந்து உருவுகிற ஒரு விரிப்பைத் தேர்ந்தெடு. அதற்கு ஒரு அடையாளம் வை. கையில் வாட்சோடு அதன் பின்னாலேயே போ. அது எப்போது நகர்கிறது, எப்போது ஊறுகிறது, எப்போது சும்மா கிடக்கிறது என்று நிமிடத்தோடு எழுது. திரும்ப அதே லாட்ஜின் அலமாரிக்குப் போகும்வரை விடாதே. இதற்கு நான் அச்சடித்து வைத்திருக்கிற தாள் ஒரு கட்டு அனுப்புகிறேன். பின்தொடரும் தாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் சாயப்பொடி மூட்டை கட்டும் பிரிவையே இந்தத் தாள்தான் மாற்றியது. மனிதர்கள் ஒன்று சொல்வார்கள், தாள் வேறு சொல்லும். தாளை நம்பு.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
அறிவழகன்

*

சிதம்பரம்
15.6.2024

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லாண்டரியில் பேசிக்கொள்கிறார்கள். அழுக்கு விரிப்பின் பின்னால் ஒரு பொம்பளை வாட்சைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வேறு என்ன சொல்வார்கள். மிஷின் பார்க்கிற சேரன், "எக்கா, அது ஓடிப்போயிடாதுக்கா" என்றான்.

ஆனால் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த விரிப்பு போய்த் திரும்ப நாற்பத்தாறு மணி நேரம். அதில் மனிதக் கையோ மிஷினோ பட்டது மூன்று மணி நேரம்கூட இல்லை. மற்றதெல்லாம் காத்திருப்பு. முக்கால்வாசிக் காத்திருப்பு பிரிக்கிற இடத்தில். ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு நிற நூல். அமிர்தம் விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்து, நூலைப் பார்த்து, ஏழு குவியலாகப் பிரிக்கவேண்டும். துவைத்த பிறகு மறுபடி ஒருதரம் பிரிக்கவேண்டும். ஒரு லாட்ஜின் குவியல் முழுசாகச் சேரும்வரை அதில் ஒன்றும் இஸ்திரிக்குப் போகாது.

அமிர்தத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் இந்தக் கொட்டகையைப் போட்ட வருஷம் வந்தவள். வீட்டுக்காரர் தவறிய பிறகும் மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நின்றாள். கைவேகம் உண்டு. ஆனாலும் ஏழு குவியல் ஏழு குவியல்தானே. அடுத்தது என்ன செய்ய?

தமிழ்ச்செல்வி

*

திருப்பாதிரிப்புலியூர்
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தாளை நான்கு தடவை படித்தேன். எங்கள் ஆபீசில் படித்த பையன்கள்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு கேள்வி. பிரிப்பது ஏன்? எல்லா லாட்ஜிலும் வெள்ளை விரிப்பு, ஏறக்குறைய ஒரே அளவு. அவரவர் விரிப்பு அவரவருக்கே திரும்பவேண்டும் என்பதால்தானே இவ்வளவும். விரிப்பு லாட்ஜுடையதாக இல்லாமல் நம்முடையதாக இருந்தால்? அழுக்கை எண்ணி எடு, அதே எண்ணிக்கையில் சுத்தமானதைக் கையோடு கொடு. ரெண்டு நாள் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது, புதுச்சேரிக்காரன்கூடத் தோற்றுவிடுவான். நூல் வேண்டாம், குவியல் வேண்டாம், மாறிப்போச்சு என்ற சண்டையும் வராது. லாட்ஜ்காரனுக்கும் புது விரிப்பு வாங்கும் செலவு மிச்சம். மாதவாடகை மாதிரி வாங்கிக்கொள்.

முதலில் ஒரே ஒரு லாட்ஜில் செய்து பார். சின்னதாகத் தொடங்கித் தோற்றால் சின்னதாகத்தான் தோற்போம்.

பிரியாவை அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கும் போல. பயப்பட ஒன்றும் இல்லை.

அறிவழகன்

*

சிதம்பரம்
6.8.2024

தம்பிக்கு,

பிரியா வீடு திரும்பியதை மாமா சொன்னார். கஞ்சியில் மிளகு தட்டிப் போட்டுக் கொடு. நீ பத்து நாள் லீவு போட்டாயாமே, உன் கம்பெனி உன்னை விட்டதே ஆச்சரியம்.

உன் யோசனை பலித்தது. என் கை வளையல் இரண்டும் இப்போது விரிப்பாகிக் கட்டில் கட்டிலாகக் கிடக்கின்றன. ஆனித் திருமஞ்சனக் கூட்டத்துக்கு முதல் நாள் தொடங்கினோம். அந்த நாலு நாளில் மாமா வண்டியில் எட்டு தடவை சுத்தமானதைக் கொண்டுபோய்ப் போட்டார். வாசலில் நிற்கவைத்துப் பேசிய அதே மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தானாம். இப்போது ஐந்து லாட்ஜ் வாடகை முறைக்கு வந்துவிட்டன. விட்டுப்போன இரண்டில் ஒன்றும் திரும்பி வந்தது. மூச்சு விட முடிகிறது தம்பி. நீ நன்றாக இருக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. ஆடி மாதம், கூட்டம் இல்லை. கரண்ட் கட்டணம் சொன்னபடி ஏறிவிட்டது. ஆறு பேர் சம்பளத்துக்கு மாதக் கடைசியில் மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரிக்கிற வேலை முக்கால்வாசி இல்லாமல் போனதால் அமிர்தம் கிழிசல் தைக்கிறாள், மடிக்கிறாள், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். யாரையாவது நிறுத்தினால்தான் மற்ற ஐந்து பேர் தப்புவார்கள் என்று மாமா சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

உங்கள் கம்பெனியில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்து எழுது. நீ சொல்வதைத்தான் செய்யப்போகிறேன்.

தமிழ்ச்செல்வி

*

திருப்பாதிரிப்புலியூர்
9.9.2024

அக்காவுக்கு,

ஐந்து வாரம் தாமதம். வேலை ஜாஸ்தி. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. விரிப்பைப் பின்தொடர்ந்தாய் அல்லவா, அதே தாளில் ஆளைப் பின்தொடர். மூன்று நாள். ஆறு பேரையும். வேலை செய்த நிமிடம் ஒரு பக்கம், காத்திருந்த நிமிடம் ஒரு பக்கம். யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நடிப்பார்கள். மூன்றாம் நாள் மாலை எந்தப் பெயருக்கு எதிரே காத்திருப்பு அதிகமோ, அந்த ஆள் இல்லாமல் லாண்டரி ஓடும். அவ்வளவுதான்.

யார் எத்தனை வருஷம் வந்தார்கள், யார் வீட்டில் யார் செத்தார்கள் என்பதற்குத் தாளில் இடம் கிடையாது. நான் வேண்டுமென்றேதான் இடம் வைக்கவில்லை. ஒருவருக்கு இரக்கப்பட்டால் ஐந்து பேருக்குத் துரோகம். தாள் தவறாது அக்கா. அது தவறு என்றால் நான் இத்தனை வருஷம் செய்தது எல்லாமே தவறு என்று ஆகிவிடும். அப்படி இருக்க முடியாது.

மறுபடி மறுபடி யோசிக்காதே. அளந்துவிட்டுச் செய்.

அறிவழகன்

*

சிதம்பரம்
5.10.2024

தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். பிரியாவை விசாரித்ததாகச் சொல்.

அளந்தேன். அமிர்தத்துக்கு ஒரு நாளைக்குக் காத்திருப்பு இரண்டு மணி நாற்பது நிமிடம். மற்ற யாருக்கும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. மூன்று நாளும் கணக்குப் பிள்ளை மாதிரி வாட்சை முந்தானைக்குள் மறைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, "நின்னுக்கிட்டே இருக்கீங்களேக்கா, இதுல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்து, அவள் நின்ற நேரத்தையும் காத்திருப்பு என்றுதான் எழுதினேன்.

நேற்று சம்பளம் கொடுத்து நிறுத்தினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆர்டர் குறைந்துவிட்டது, தீபாவளி போகட்டும், கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். வெளியே மாமா லாட்ஜுக்குப் போக இரண்டாவது நடை வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "சரிக்கா" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்.

இன்று லாண்டரியில் ஒன்றும் நிற்கவில்லை. நீ சொன்னது சரிதான். ஏதாவது நிற்கும் என்று காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றிருந்தால் இன்றைக்கே போய்க் கூட்டிவந்திருப்பேன். எல்லாம் ஓடுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தத் தாளை நீ எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாய்? ராத்திரி உனக்குத் தூக்கம் வந்ததா?

தமிழ்ச்செல்வி

*

திருப்பாதிரிப்புலியூர்
4.11.2024

அண்ணிக்கு சத்யப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது.

தீபாவளிப் பலகாரம் வந்து சேர்ந்தது. எனக்கு இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது. நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரியாது.

அண்ணி, அவரை ஆகஸ்ட் இரண்டாம் தேதி கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மா வீட்டுக்குத் தெரியும். உங்களிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "அக்கா ஒருத்திதான் இன்னும் எங்கிட்ட யோசனை கேக்குது. அதையும் கெடுத்துடாத" என்றார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு கம்பெனி ஏறி இறங்கிவிட்டார். நாற்பத்தாறு வயது ஆளை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். உங்கள் அக்டோபர் கடிதம் வந்த நாளிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. பழைய தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டைத் தட்டில் போட்டால் ஆறுகிறது. நான் கேட்டால், "அமிர்தத்த அனுப்புனது நான்தான்" என்று ஒரே பேச்சு. அமிர்தம் யார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

நீங்கள் எழுதினால் கேட்பார். இந்தக் கடிதத்தைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லை, திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சத்யப்பிரியா

*

சிதம்பரம்
12.11.2024

அறிவழகா,

பிரியா எழுதிவிட்டாள். அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று தெரிந்தால் பஸ் ஏறி வந்து உன்னை அடிப்பேன். எனக்கு ஐம்பது வயது, உன்னை மூன்று வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள். எனக்கு அந்த உரிமை உண்டு.

வேலை போனதை மறைத்தாயே, அதற்குக் கோபம் இல்லை. அழுகைதான் வந்தது. ஆனால் இன்னொன்றுக்கு எனக்குக் கோபம் ஆறவில்லை. வேலையை விட்டு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு, ஒரு மாதம் அதை அனுபவித்த பிறகு, அதே தாளை எனக்கு அனுப்பினாயே. இரக்கத்துக்கு இடம் இல்லை என்று எழுதினாயே. எப்படியடா எழுதினாய்? ஊருக்கு அளக்கிறவனுக்குத் தன் முதுகு தெரியாது என்றால் சரி. உனக்குத் தெரிந்திருந்ததே.

என்னையும் விட்டுவிடமாட்டேன். தம்பி சொன்னான் என்று ஒதுங்க முடியாது. வாட்ச் என் கையில்தான் இருந்தது.

நேற்று அமிர்தம் வீட்டுக்குப் போனேன். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். முகூர்த்தம் உண்டென்றால் வேலை, இல்லையென்றால் இல்லை. கையெல்லாம் வெடித்திருக்கிறது. ஆர்டர் குறைந்தது பொய் என்றேன். "தெரியும்க்கா, வண்டி ரெண்டு நட போச்சே" என்றாள். ஒரு மாதத்துக்கு மேலாக, தான் ஏதோ திருடிவிட்டதாக நாங்கள் நினைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு தலையணை உறை அப்போது குறைந்தது, அதற்காகத்தான் இருக்கும் என்று. காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க சொல்லாதீங்க. ஒங்களுக்கா இது தோணியிருக்காது. யாருக்குத் தோணுச்சோ அவுங்க சொல்லட்டும்" என்றாள்.

சொல். எனக்கு இல்லை, அவளுக்கு.

நீயும் பிரியாவும் இங்கே வந்துவிடுங்கள். கல்யாண மண்டபங்கள் மேசை விரிப்பு வாடகைக்குக் கேட்கின்றன. போய்ப் பேச ஆள் இல்லை. சாப்பிடு முதலில்.

அக்கா

*

திருப்பாதிரிப்புலியூர்
12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிரியாவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பெட்டிகளை மேலே ஏற்றினேன். இப்போது வடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் நலம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆனது. ஜூலைக் கடைசியில் பிரியாவுக்காகப் பத்து நாள் லீவு போட்டேன் அல்லவா. திரும்பிப் போனபோது என் மேசையில் நான் அச்சடித்த தாள் இருந்தது. மேலே என் பெயர். கீழே ஒரே வரி: பத்து நாள் ஆள் இல்லை, எந்த வேலையும் நிற்கவில்லை. புது மேனேஜர், "நீங்க கத்துக்குடுத்த முறைதான் சார்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். என்ன சொல்லி எதிர்த்துப் பேசுவது?

ஒரு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. அக்கா, அந்தத் தாளால் நான் பதினோரு பேரை நிறுத்தியிருக்கிறேன். எல்லோரும் ஒப்பந்த ஆட்கள். அமிர்தத்தை வைத்துக்கொள் என்று உனக்கு எழுதினால், அந்தப் பதினோரு பேரையும் வைத்திருக்கலாம் என்று ஆகிவிடும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. தாள் சரி என்று இருந்தால், என்னை நிறுத்தியதும் நியாயம், அவர்களை நிறுத்தியதும் நியாயம். அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வாரம் உயிரோடு இருந்தேன். அதற்கு அமிர்தத்தின் வேலையை விலையாகக் கொடுத்தேன். இதுதான் உண்மை. நீ அடிக்க வந்தால் வா.

அமிர்தம் அக்காவுக்கு எழுதியதை இதனோடு வைத்திருக்கிறேன். படித்துக் காட்டு.

*அமிர்தம் அக்காவுக்கு, தமிழ்ச்செல்வியின் தம்பி அறிவழகன் எழுதுவது. உங்களை நிறுத்தச் சொன்னது நான். தலையணை உறைக்காக இல்லை. உங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. வேலையை மாற்றச் சொன்னதும் நான், மாறியதால் நீங்கள் சும்மா இருந்த நேரத்தை அளக்கச் சொன்னதும் நான். அந்த நேரத்தை உண்டாக்கியது என் யோசனை. அதை உங்கள் பெயரில் எழுதிவிட்டேன். உங்களுக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா என்று ஐந்து நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறேன்.*

அறிவழகன்

*

சிதம்பரம்
27.12.2024

தம்பிக்கு,

இங்கே நலம். காதுக்குக் கருவி வைத்துவிட்டேன். முதல் நாள் மிஷின் சத்தத்தைக் கேட்டு நானே ஓடிவிட்டேன். மார்கழி தரிசனத்துக்கு எல்லா லாட்ஜும் முன்பதிவாகிவிட்டது.

உன் கடிதத்தை அமிர்தத்துக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பகுதியையும்தான். உன்னைக் கேட்காமல் உன் பகுதியையும் படித்ததற்குக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். பாதி உண்மையை அவள் ஏற்கெனவே என்னிடம் வாங்கிவிட்டாள், உன்னிடமும் பாதியே வாங்கவேண்டாம்.

முழுக்கக் கேட்டாள். "சும்மா உக்காந்திருந்தது நெசந்தான்க்கா, அத நான் இல்லன்னு சொல்லல. உறைக்காக இல்லல்ல? அது போதும்" என்றாள். திரும்ப வரச் சொன்னேன். மண்டபங்களுக்கு மேசை விரிப்பு தைக்கவேண்டும், வேலை இருக்கிறது என்றேன். காலையில் மட்டும் வருகிறாளாம். மண்டபத்து வேலையை விடமாட்டாளாம். "முழுசா நம்பி வந்தா மறுபடியும் முழுசாப் போயிடும். பாதி நம்புறேன்" என்றாள். பத்தொன்பது வருஷத்துக்கு எனக்குக் கிடைத்தது பாதி. அதுவும் ஜாஸ்திதான்.

புறப்படும்போது வாசல் வரை வந்து ஒன்று கேட்டாள். அதை அப்படியே எழுதுகிறேன். "பதினோரு பேருன்னு படிச்சீங்களே. எனக்கு எழுதிட்டாரு. அவுங்களுக்கும் எழுதிட்டாரா?"

உன்னிடம் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

தமிழ்ச்செல்வி

*

திருப்பாதிரிப்புலியூர்
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் முடிந்தது. பிரியா நலம். இங்கே வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன், மாதக் கடைசியில் சிதம்பரம் வருகிறோம். மண்டபங்களில் நான் போய்ப் பேசுகிறேன். மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்குகிறேன்.

அமிர்தம் கேட்டதற்குப் பதில்: எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தப் பதினோரு பேரின் முகவரி எங்கேயும் இல்லை. தாளில் நிமிடம் இருக்கிறது, ஊர் இல்லை. பழைய ஒப்பந்தக்காரரைப் பிடித்து ஒரே ஒருவரின் ஊரைக் கண்டுபிடித்தேன். சுப்பிரமணியன். கம்மாபுரம். தபாலில் போட மனம் வராமல் நேற்றுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்து, "வண்டி எங்க சார் நிக்குது?" என்றார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று நாள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தவன் நான். பெயரைச் சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவர மனைவியை அனுப்பப் போனார், நான் வேண்டாம் என்றேன்.

எதற்காக உங்களை நிறுத்தினார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். தயங்கவே இல்லை. "தெரியும் சார். நான் கிளவுசு கேட்டேன். சாயப்பொடில கையெல்லாம் அரிப்பு, புது கிளவுசு குடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன். அடுத்த மாசமே அனுப்பிட்டாங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுலேருந்து ஆறு வருசமா யாருகிட்டயும் எதுவும் கேக்கறதில்ல சார். லோன் கேக்கல. மழையில கடக் கூரை போச்சு, நிவாரணம் குடுத்தாங்க, போய் நிக்கல. ஊட்லயும் அதான் சொல்லி வெச்சிருக்கேன், வாயத் தொறந்து கேட்டா இருக்கறதும் போயிடும்னு."

அக்கா, அவர் கிளவுஸ் கேட்டது எனக்குத் தெரியவே தெரியாது. தாளில் அதற்கு இடம் இல்லை.

கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். முடிந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப கிளவுசு கேட்டதுனால இல்லியா?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ, கிளவுசுனால இல்லியாம்" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மாள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கும்பிடத்தான் தெரிந்தது, கும்பிட்டேன்.

பஸ் வருகிற சத்தம் கேட்டு எழுந்தேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து, "சார்" என்றார். திரும்பினேன். கை கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். பிறகு கேட்டார்:

"அந்தக் கடுதாசிய எங்கிட்டயே குடுத்துட்டுப் போறீங்களா?"

கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் தம்பி
அறிவழகன்